அசையாதையும்

"அசையாதையும்" என்று குணரத்தினம் சொன்ன நேரம் தவமலரின் இரண்டு கைகளும் விளைமீனின் வயிற்றுக்குள் இருந்தன. குடலைப் பாதி இழுத்தாயிற்று, மற்றப் பாதி உள்ளே கிடந்து வழுக்கியது. குழாயைத் திறந்து கழுவலாமென்றால் தண்ணீர்ச் சத்தத்துக்குக் குருவி பறந்துவிடும், கையைத் துடைக்கலாமென்றால் துணி அந்தப் பக்கம் அடுப்படியில் தொங்கியது, நடந்தால் நிழல் விழும், நிழல் விழுந்தாலும் குருவி பறந்துவிடும். ஆகவே அவள் நின்றாள். சொந்தக் குசினியில், கல்யாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்து இருபத்தேழு வருசம் சமைத்த குசினியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல நின்றாள். குசினியை விட்டு வீட்டுக்குள் போகவும் வழியில்லை. வாசலை அடைத்துக் கதிரையைப் போட்டு, மூன்று காலில் நிறுத்திய கமராவுக்குப் பின்னால் அவர் குந்தியிருந்தார். பல்கனிக் கதவுக்குப் பக்கத்து யன்னலை மறைத்துத் தொங்கியது அவளுடைய கடும்பச்சைச் சேலை. நடுவில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு ஓட்டை. வெட்டுவதற்கு முன்பு அவர் அவளைக் கேட்கவில்லை. பழைய சேலைதானே என்றார் பிறகு, மடித்தபடி கிடந்ததுதானே என்றார். இன்றைக்கு நாடு முழுக்கச் சனம் யன்னலடியில் இருந்து ஒரு மணித்தியாலம் குருவிகளை எண்ணி அனுப்புகிற ஞாயிற்றுக்கிழமையாம், வெள்ளைக்காரர் எல்லோரும் செய்கிறார்களாம், நாங்களும் இந்த நாட்டுச் சோற்றைத்தானே தின்கிறோம், ஒரு மணித்தியாலம் சத்தம் போடாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று காலைத் தேத்தண்ணியோடேயே சொல்லிவிட்டார். ஒன்றும் குறையாது. மீன்தான் நாறும். கை நாறும், கை நாறினால் மூக்கு நாறும், மூக்கு நாறினால் பிறகு வீடு முழுக்க, தலையணை முழுக்க. ஒஸ்பித்திரியால் வந்த நாளிலிருந்து அவளுடைய மூக்கு ஒரு வேட்டை நாயின் மூக்காக மாறிவிட்டது. எங்கே எது கெட்டுப்போகிறதோ அது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

சேலைக்கும் யன்னல் சட்டத்துக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் பல்கனி தெரிந்தது. கம்பியில் பனி பிடித்திருந்தது. கீழே முற்றத்தில் நின்ற மொட்டை மரங்களுக்குப் பின்னால் ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரத்து வானம் கழுவாத பாத்திரத்தின் நிறத்தில் கிடந்தது. கம்பியிலே கொழுப்பு உருண்டைகள் பச்சை வலைக்குள் தொங்கின. மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ, யாருக்குத் தெரியும், விதைகளைப் போட்டுப் பிசைந்து உருட்டிய உருண்டைகள். அவற்றின் வாடை இந்தக் கண்ணாடிக்குள்ளாலும் வருகிறது, வராது என்று அவர் சொல்லுவார், வருகிறது. மஞ்சள் வயிற்றுச் சின்னக் குருவிகள் அதில் தலைகீழாகத் தொங்கிக் கொத்தின. தரையெல்லாம் எச்சம். அவள் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றில் எச்சம். முந்தநாள் ஃபிரிட்ஜைத் திறந்து மார்கரின் டப்பா என்று எடுத்தால் உள்ளே புழு. குருவிகளுக்குப் போடுகிற மாப்புழு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தவிட்டுக்குள்ளே, மெல்ல, குளிருக்குச் சோம்பி நெளிந்துகொண்டு. ஒரு பக்கத்தில் தேங்காய்ச் சம்பல், மறுபக்கத்தில் அவளுடைய மருந்து ஊசிப் பெட்டி, நடுவில் புழு. "உது சுத்தமான சாமான், கடையில வாங்கினது" என்றார். சுத்தமான புழு. குமட்டிக்கொண்டு வந்து சத்தி எடுத்தாள். மருந்தால் வருகிற சத்தி என்று அவர் நினைத்துக்கொண்டார், மகள் துளசிகாவுக்கு ஃபோன் எடுத்து அம்மாவுக்குத் திருப்பியும் சத்தி என்று சொன்னார், ஹம்பூர்க்கில் இருக்கிற பிள்ளை பயந்துபோய் டொக்டருக்கு எடுக்கச் சொன்னாள். புழுவைப் பற்றி அவர் பிள்ளைக்குச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை சிரிக்கும், அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு வந்ததே நல்லது என்று சொல்லும். எல்லோரும் அதைத்தான் சொல்லுகிறார்கள். கோயிலுக்குப் போனால் சனம் அவரைச் சுற்றி நிற்கிறது. அண்ணை, அந்தச் சிவப்பு நெஞ்சுக் குருவிப் படம் என்ன வடிவு, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியுது, உங்களுக்கு நல்ல கண் அண்ணை. நல்ல கண். அவள் பக்கத்தில் நின்று அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டாள். இடதுபக்கம் சட்டைக்குள்ளே வைத்திருந்த ரப்பர் முலை குளிருக்கு விறைத்து, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கோழி நெஞ்சு மாதிரி அவள்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நல்ல கண்தான். ஒக்டோபர் கடைசியில் ஒஸ்பித்திரியில் அந்தத் தாதிப் பெண், பொன்னிற மயிரைக் கொண்டை போட்ட பெண், அன்பாகத்தான் கேட்டாள், கட்டு மாற்றுகிறேன், நீங்களும் பார்த்துப் பழகுகிறீர்களா, வீட்டில் உதவியாக இருக்கும் என்று. அவர் எழும்பினார். கார் நிற்பாட்டின இடம் சரியோ தெரியாது, ஒருக்கால் பாத்திட்டு வாறன் என்றார். அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னார், தாதிக்குச் சொல்லவில்லை. தாதி கட்டு மாற்றி, இரத்தத் தண்ணீர் வடிகிற குழாயைச் சுற்றித் துடைத்து, அதன் போத்தலை மாற்றி, சாப்பாட்டுத் தட்டு வந்து, தட்டு திரும்பிப் போய், அதற்குப் பிறகுதான் அவர் வந்தார். வந்தவர் கார் சரியான இடத்தில்தான் நிற்கிறது என்றார். அடுத்த கிழமை கமரா வந்தது. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாக மேசையில் அடுக்கி வைத்தார், ஒஸ்பித்திரித் தாதி அடுக்கியதைப் போலவே. அன்றைக்கு இரவு பாயும் தலையணையுமாக ஹோலுக்குப் போனார். உமக்குப் புண்ணில என்ரை முழங்கை படும் என்றார். புண் ஆறி மாதமாகிறது. முழங்கை இன்னும் ஹோலில் படுக்கிறது. அவர் கெட்ட மனுசர் இல்லை. அதை நினைக்கத்தான் அவளுக்கு இன்னும் குமட்டியது. கெட்ட மனுசராக இருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் காரில் கூட்டிக்கொண்டு போகிறார், கதிர் அடிக்கிற நாட்களில் வெளியே காத்திருக்கிறார், காத்திருக்கிற நேரத்தில் அந்தப் புல்வெளியில் நிற்கிற காகங்களைப் படம் பிடிக்கிறார். கஞ்சி காய்ச்சி வைக்கிறார். ஒருநாள் அவள் கழற்றி மேசையில் வைத்த ரப்பர் முலையைக் கண்டுவிட்டுப் பேப்பரால் மூடிவிட்டுப் போனார், செத்த சாமானை மூடுவதுபோல, மெதுவாக, மரியாதையாக. அந்த மரியாதை. அதைவிட எடுத்துக் குப்பையில் எறிந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை ஒஸ்பித்திரிக்குப் படம் எடுக்கப் போகவேண்டும், மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டுமாம், ஒரு நிழல் மாதிரி இருக்கிறதாம், பயப்பட ஒன்றுமில்லையாம். பயப்பட ஒன்றுமில்லை என்று ஜெர்மன் டொக்டர்மார் சொல்லுகிற அந்தத் தொனி இருக்கிறதே. செவ்வாய்க்கிழமையை நினைக்கக் கூடாது. மீனை நினை. மீனின் குடல், பித்தப்பை, அது உடைந்தால் கறி முழுக்கக் கைக்கும், உடையாமல் எடுக்க வேண்டும், விரல் நுனியால் தடவித் தேடினால் ஒரு சின்னக் கட்டி மாதிரி அகப்படும். இப்படித்தான் குளிக்கிற நேரம் விரல் நுனியால் தடவ, ஒரு சின்னக் கட்டி. மீனை நினைக்காதே.

ஏதோ வந்து பல்கனியில் விழுந்தது. கண்ணாடி அதிர்ந்தது. மஞ்சள் குருவிகள் ஒரே வீச்சில் இல்லாமல் போயின. முதலில் அவள் ஈரத் துணி என்று நினைத்தாள், மேல்வீட்டுக் கிழவியின் துவாய் அறுந்து விழுந்ததென்று. பிறகு துணிக்குச் செட்டை இருந்தது. தரையிலே ஒரு சாம்பல் புறா மல்லாந்து கிடந்தது, கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட சின்னப் புறா, தினமும் ஒரு சோடியாக வந்து விதை பொறுக்குகிற இரண்டில் ஒன்று. அதற்குமேல் இரண்டு மஞ்சள் கால்களை ஊன்றிக்கொண்டு ஒரு பறவை நின்றது, மார்பு முழுக்க வரிவரியாக, கண் மஞ்சளாக.

"அசையாதையும்" என்றார் அவர். "கடவுளே, அசையாதையும்."

"பிராந்து" என்றாள்.

"பிராந்து இல்லை. வல்லூறு, ஸ்பெர்பர். பேடு. உந்தப் பருமனைப் பாரும். எத்தினை நாள் காத்திருந்தனான் தெரியுமே."

கமரா சடசடவென்று அடித்தது. நிறுத்தாமல், தையல் மெசின் போல. பறவை ஒருக்கால் தலையைத் தூக்கி யன்னலைப் பார்த்தது, அவளையே பார்த்தது என்று தவமலர் நினைத்தாள், ஒரு துளி வெறுப்பும் இல்லாத பார்வை, ஒன்றுமே இல்லாத பார்வை. பிறகு குனிந்து மயிரைப் பிடுங்கத் தொடங்கியது. நெஞ்சில் இருந்து. வெள்ளையும் சாம்பலுமாகப் பஞ்சு பறந்து பனியில் ஒட்டியது. புறா செத்துவிட்டதென்று அவள் எண்ணியிருந்தாள், எண்ண விரும்பியிருந்தாள். அதன் கால் அசைந்தது. சிவந்த சின்னக் கால், விரல்களை மடக்கி மடக்கி விரித்தது. கண் திறந்திருந்தது, இமைத்தது.

"அது சாகேல்லை" என்றாள்.

"சாகும்."

"உயிரோட தின்னுது."

"உப்பிடித்தான். இயற்கை. நெஞ்சுச் சதையைத்தான் முதல் தின்னும்." பிறகு, கமராவில் இருந்து கண்ணை எடுக்காமல், மெல்ல, காதலிக்கிறவனைப் போலச் சொன்னார்: "என்ன வடிவு."

என்ன வடிவு. அந்தச் சொல் மீன் குடலைப் போல அவளுக்குள் வழுக்கிக்கொண்டு போய் எங்கோ சிக்கியது. கல்யாணப் பேச்சில் இங்கிருந்து இவர் கொழும்புக்கு எழுதி அனுப்பினதும் இந்தச் சொல்தான், படத்தைப் பார்த்தன், வடிவு, எனக்குச் சம்மதம். இரண்டு வருசம் அவளுடைய படத்தை வைத்திருந்து பார்த்தவர், விமான நிலையத்தில் அவள் இறங்கி வந்தபோது ஒரு நிமிசம் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார், பெட்டி பாரமோ என்று கேட்டார். படத்தில்தான் அவருக்கு ஆட்களைத் தெரியும். வாழ்க்கை முழுக்க அவர் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி நின்று, ஏதோவொரு ஓட்டைக்குள்ளால்தான் பார்த்திருக்கிறார், தகப்பன் செத்தபோதும் வீடியோவில்தான் பார்த்தார், பார்த்துவிட்டுப் படம் தெளிவில்லை என்றார். பாவம் என்று அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்குப் பாவம் என்று நினைக்க முடியவில்லை. பறவை இப்போது சதைக்கு வந்துவிட்டது. வளைந்த சொண்டால் பிடித்து, இழுத்து, ஒரு சிவப்பு நாடாவை நிமிர்த்தி விழுங்கியது. புறாவின் நெஞ்சில் ஒரு ஈரமான சிவப்புக் குழி. தோல் ஒருபக்கம் சுருண்டு கிடந்தது. கமரா சடசடத்தது. இந்தக் குழியை இவரால் பார்க்க முடிகிறது. கிட்டக் கொண்டுவந்து, பெரிதாக்கி, ஒவ்வொரு நாராகப் பார்க்க முடிகிறது. நாளைக்குக் கணினியில் போட்டு வெளிச்சம் கூட்டுவார், சிவப்பை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்குவார், இருநூறு பேர் வடிவு என்று எழுதுவார்கள். தவமலருக்குக் காது அடைத்தது. வாய்க்குள் உப்புத் தண்ணீர் ஊறியது. எதன்மேல் இந்த அருவருப்பு என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை, பறவைமேல் இல்லை, அது பசியில் தின்கிறது, அவர்மேலா, அவருடைய வியர்த்த பிடரிமேலா, மீன்மேலா, இந்த நாட்டின் குளிர்மேலா, அல்லது இத்தனை நேரமும் அசையாமல் நிற்கிற தன்மேலா. அசையாதையும் என்றால் அசையாமல் நிற்கிற ஒருத்தி. மயக்க மருந்து கொடுக்க முன்பும் அதைத்தான் சொன்னார்கள், அசையாமல் படுங்கோ. மல்லாந்து படுத்திருந்தாள். விளக்கு மஞ்சளாக இருந்தது. புறாவின் கால் இன்னும் மடங்கி விரிந்துகொண்டிருந்தது.

"ஏதாவது செய்யுங்கோ" என்றாள்.

"சத்தம் போடாதையும்."

"கல்லாலயோ தடியாலயோ. அதைச் சாகப் பண்ணுங்கோ."

"தவம், விசர்க் கதை கதைக்காதையும். அதில கை வைக்கக் கூடாது. இன்னும் ரெண்டு நிமிசம். வெளிச்சம் இப்பதான் வருகுது."

அவள் அசைந்தாள். பல்கனிக் கதவின் பிடியை மீன் கையாலேயே திருப்பி இழுத்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. பறவை அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, சுமையைத் தூக்கப் பார்த்தது, பாரம் தாங்காமல் விட்டுவிட்டுக் கம்பியைத் தாண்டிக் கீழே சரிந்து, மொட்டை மரங்களுக்குள்ளால் தாழப் பறந்து போய்விட்டது. பின்னால் கதிரை விழுகிற சத்தம் கேட்டது.

"என்ன செய்தனீர்? கதவைச் சாத்தும். சாத்தினால் திருப்பி வரும்."

புறா அவளுடைய காலடியில் கிடந்தது. துரத்தியதும் எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் எண்ணியிருந்தாள் போலும், இல்லை, எண்ணவேயில்லை, கை தானாகவே போய்விட்டது. இப்போது புறா ஒரு செட்டையை அடித்து, திறந்த நெஞ்சோடு, எச்சமும் விதைக்கோதும் ஒட்டிய தரையில் வட்டமாகச் சுழன்றது. எழும்ப முயன்றது. அந்த முயற்சிதான் தாங்க முடியாமல் இருந்தது. பறவை தின்றுகொண்டு நின்றிருந்தால் இதற்குள் செத்திருக்கும். இரக்கம் என்று ஒன்றைச் செய்து அதன் சாவை அவள் நீட்டிவிட்டாள். தன் கையிலே அவளுக்குக் கசப்பு வந்தது. அவள் குந்தினாள்.

"வாங்கோ" என்றாள். "வந்து இதைப் பிடியுங்கோ."

திரும்பிப் பார்த்தாள். குணரத்தினம் கதவடிக்கு வந்திருந்தார். கமரா பின்னால் மூன்று காலில் தனியாக நின்றது. அவர் புறாவை ஒரு கண் பார்த்தார். முகம் சாம்பலாகியது. சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார், கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு ஏலாது" என்றார். "தவம், எனக்கு உதைப் பாக்க ஏலாது."

"இவ்வளவு நேரமும் பாத்தனீங்கள்."

"அது வேறை."

"என்ன வேறை?"

அவர் சுவரையே பார்த்தபடி நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. கம்பளிச் சட்டை போட்ட வயதுபோன முதுகு, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாரம் தூக்கிப் பழுதாகின முதுகு. தவமலர் புறாவை இடது கையால் அணைத்தாள். சூடாக இருந்தது. அந்தச் சூட்டை அவள் எதிர்பார்க்கவில்லை. மீனின் குளிருக்குள் இருந்து வந்த கைக்கு அது அடுப்புப் போல இருந்தது, உள்ளே மணி அடிப்பதுபோல ஏதோ அடித்தது, மிக வேகமாக. இடக்கைக்கு இன்னும் வலு வரவில்லை, அக்குளில் நரம்பு இழுத்தது. வலது கையால் கழுத்தைப் பிடித்தாள். சின்னக் கழுத்து. கண்ணை மூடவில்லை. மூடினால் கை தவறிவிடும், பிழையாகத் திருகினால் இன்னும் நீளும், பார்த்துத்தான் செய்ய வேண்டும். திருகி இழுத்தாள். ஏதோ கழன்றது. மணி இன்னும் கொஞ்சம் அடித்து, அடித்து, நின்றது. கால் விரல்கள் விரிந்தபடி நின்றன. பழைய பேப்பர் ஒன்றில் சுற்றிக் கம்பியடியில் வைத்தாள். தலை சுற்றியது, சத்தி வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

உள்ளே வந்து கதவைக் காலால் சாத்தினாள். இரண்டு கையிலும் இரத்தம், செதில், பஞ்சு மயிர். சட்டை முன்பக்கம் இரத்தம் தீற்றியிருந்தது. கையைத் தூக்கித் தலையால் போடுகிற உடுப்பு அவளுக்கு இப்போது ஏலாது, முன்னுக்குத் தெறி வைத்துப் பூட்டுகிற சட்டைகள்தான். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், உள்ளே ரப்பரும் இல்லை. கழுவும் தொட்டியை நோக்கி இரண்டு அடி வைத்தவள் நின்றாள்.

"இஞ்சருங்கோ" என்றாள். "சட்டையைக் கழட்டி விடுங்கோ."

அவர் திரும்பினார். "கையைக் கழுவிப்போட்டு நீரே…"

"இல்லை. நீங்கள் கழட்டுங்கோ."

"துளசிகாவுக்கு ஃபோன் எடுத்து…"

"பிள்ளை ஹம்பூர்க்கில இருந்து தெறி கழட்டுமோ?"

அவர் வந்தார். முன்னால் நின்று மேல்தெறியைத் தேடினார். கண் அவளுடைய தோளுக்கு மேலால் சேலை தொங்கிய யன்னலில் நின்றது. விரல் தெறியைத் தவறவிட்டு, தடவி, மறுபடி பிடித்தது. அவருடைய மூச்சில் தேத்தண்ணி வாடை. பிடரி வியர்வை வாடை. அவளுடைய கையில் மீனும் இரத்தமும். எல்லாம் சேர்ந்து ஒரு கெட்ட சந்தை போல நாறியது, அதற்குள் இரண்டு பேரும் நின்றார்கள்.

"பாத்துக் கழட்டுங்கோ" என்றாள். "யன்னலில ஒரு குருவியும் இல்லை."

மூன்றாவது தெறியில் அவர் பார்த்தார். பார்த்ததும் கை நின்றது. தவமலர் அவருடைய முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள், ஒரு சுருக்கம், ஒரு விலகல், சுவர்ப்பக்கம் ஒரு திரும்பல் வந்தால் இந்த இரத்தக் கையால் அறைந்துவிடுவது என்று. கொழும்பு விமானத்தில் இருந்து இறங்கின நாளிலிருந்து இவ்வளவு கிட்ட, இவ்வளவு நேரம், அந்த முகத்தை அவளும் பார்த்ததில்லை. கன்னத்தில் சவரம் தவறின ஒரு தீவு இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவர் விலகவில்லை. மீதித் தெறிகளைக் கழற்றினார். சட்டையின் இடதுபக்கத்தை விரலால் ஒதுக்கினார். அக்குளில் இருந்து நெஞ்செலும்பு வரைக்கும் ஓடுகிற நீண்ட தழும்பைப் பார்த்தார், கதிர் அடித்துக் கறுத்துப்போன தோலை, அதன் ஓரத்தில் கசங்கிக் கிடந்த மடிப்பை, தட்டையை. இரண்டு தடவை கண்ணை இமைத்தார். அவர் அழப்போகிறார் என்று நினைக்க அவளுக்கு மறுபடி குமட்டியது, அழுதால் தேற்ற வேண்டும், தேற்ற அவளிடம் ஒன்றும் இல்லை. அவர் அழவில்லை.

"நோகுதோ?" என்று கேட்டார்.

மாரி தொடங்கினதிலிருந்து டொக்டர் கேட்டார், தாதி கேட்டாள், பிள்ளை ஃபோனில் கேட்டாள்.

"நோகேல்லை" என்றாள். "கடிக்குது. குளிருக்கு நெடுகக் கடிக்குது. சொறிய ஏலாது."

"எந்த இடத்தில?"

அவள் ஊத்தைக் கைகள் இரண்டையும் தூக்கிப் பிடித்தபடி, தலையைக் குனிந்து நாடி முனையால் அந்த இடத்தைக் காட்டினாள்.